இராசமலர் ரீச்சர் கையொப்பம் வைக்காத ஒப்பந்தம்

இராசமலர் ரீச்சருக்கு மனிதர்களையே பிடிக்காது என்று திருகோணமலையில் ஒரு கதை இருந்தது. அது பொய். முதுகு வளைக்கிற மனிதர்களைத்தான் அவளுக்குப் பிடிக்காது. அந்தக் காலத்துத் திருகோணமலையில் முதுகு வளைக்காதவர்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டமாக இருந்தபடியால், வெளியே பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தது.

அவளுடைய தகப்பன் இங்கிலீசுக்காரரின் கடற்படைத் தளத்தில் கிளாக்கர். மீசை அரும்பாத வெள்ளைக்காரப் பொடியன் ஒருவன் வாசலைக் கடந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். மதியச் சாப்பாடு கொண்டுபோன சிறுமி இராசமலர் அதை ஒருமுறை கண்டுவிட்டாள். அதே மனிதர் வீட்டுக்கு வந்து, குழம்பில் உப்புக் குறைந்துவிட்டது என்று கோப்பையைத் தள்ளிவிட்டபோது அவளுடைய உதடு ஒரு பக்கமாகக் கோணியது. பிறகு ஆயுளுக்கும் அது நேராகவில்லை.

பயிற்சிக் கல்லூரியை முடித்துவிட்டு வந்து, துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற தனியார் சபை ஒன்று நடத்திய பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. இப்படியான பள்ளிக்கூடங்களில் சம்பளம் கொடுப்பது அரசாங்கம். ஆளைப் போடுவதும் தூக்குவதும் மனேஜர். இங்கே மனேஜர் பிரக்கிராசி பாக்கியரத்தினம். வக்கீல் என்றாலும் நீதிமன்றத்தில் அவரைக் கண்டவர்கள் குறைவு. நகரசபையில் ஒரு கதிரை, கோயில் பரிபாலன சபையில் ஒரு கதிரை, பள்ளிக்கூடச் சபையில் ஒரு கதிரை என்று மாறி மாறி உட்காருவதற்கே அவருக்குப் பொழுது சரியாக இருந்தது. ஒவ்வொரு மார்கழியும் ஆசிரியர்கள் அவர் அலுவல் பார்க்கிற கந்தோர் வாசலில் நிற்பார்கள். பெயர் கூப்பிட்டால் உள்ளே போய் அடுத்த வருடத்துக்கான ஒப்பந்தத்தில் கையொப்பம் வைக்கலாம். கூப்பிடாவிட்டால் தை மாதம் வேலை இல்லை. காரணம் கேட்க முடியாது. கேட்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது.

வருடத்துக்கு வருடம் உயிர்வாழ அனுமதி கேட்கிற மனிதர்கள் எப்படி நடப்பார்களோ, அப்படித்தான் அந்த ஆசிரியர்கள் நடந்தார்கள். மனேஜர் நகரசபைக்கு நின்றபோது வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். முஸ்லிம் வாக்குகள் தேவைப்பட்டபோது கிண்ணியாவிலிருந்து லாபிர் என்ற இளைஞரைக் கணக்கு வாத்தியாராகப் போட்டதும் அந்தத் தேர்தலுக்காகத்தான். மனேஜரின் பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்த நாளில் பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் விடுமுறை விட்டார்கள். இராசமலர் அன்று தன் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் மணி அடிக்கும்வரை வைத்துப் படிப்பித்தாள்.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்து நாலாம் ஆண்டு ஆவணியில் மனேஜரின் மகளுக்குக் கலியாணம். வெள்ளிக்கிழமை முகூர்த்தம். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு ஆசிரியர்கள் எல்லோரும் மனேஜர் வீட்டில் வேலைக்கு நின்றார்கள். பெண்களுக்கு மரக்கறி வெட்டுகிற வேலை. ஆண்களுக்குப் பந்தி. குலசிங்கம் மாஸ்ரர் லண்டன் பட்டதாரி, ஆசிரியர் சங்கத்தின் கிளைச் செயலாளர், மேடை ஏறினால் உலகத் தொழிலாளரையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். அவர் பந்தி வாசலில் செம்போடு நின்று, சாப்பிட்டு வந்தவர்களின் கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பூசணிக்காய்க்கு முன்னால் உட்கார்ந்திருந்த இராசமலருக்கு அந்தக் காட்சி நேரே தெரிந்தது. ஊற்றுவதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு புன்னகை வைத்துக்கொண்டு ஊற்றினாரே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

பக்கத்தில், சல்லி என்ற மீனவக் கிராமத்திலிருந்து வருகிற புஷ்பவதி, பாலர் வகுப்பு ரீச்சர், சின்னப்பிள்ளை மாதிரிச் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"மனேஜரின்ர மனிசி தன்ர கையால எனக்குப் பாய் கொண்டுவந்து தந்தவ, ரீச்சர்."

"இண்டைக்குப் பாய் தந்தவ நாளைக்குக் கழுத்துக்குக் கயிறும் தருவா," என்றாள் இராசமலர். "நீட்டிக்கொண்டு இரும்."

புஷ்பவதி பாயின் மற்ற ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். இராசமலர் அதைக் கவனிக்கவும் இல்லை.

அன்று வராதவர் ஒருவர்தான். லாபிரின் மனைவிக்குக் கிண்ணியாவில் முதல் பிரசவம். முதல்நாளே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து, கடைசி மிதவைப் பாதையில் ஏறித் துறையைக் கடந்து போய்விட்டார். மார்கழியில் கந்தோர் வாசலில் எல்லோருடைய பெயரும் கூப்பிடப்பட்டது, லாபிரின் பெயரைத் தவிர. நின்ற ஆசிரியர்கள் தங்கள் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள்.

சங்கக் கூட்டம் அந்த வாரம் வழக்கமான கூட்டமாகத்தான் கூடியது. தேத்தண்ணி, போன கூட்ட அறிக்கை, வருடாந்தப் படம் எடுக்கிற திகதி. அவ்வளவும் முடிந்தபிறகு லாபிர் எழுந்தார்.

"நான் என்ன பிழை செஞ்சனான் எண்டு ஆராவது சொல்லுங்கோ. திருத்திக்கொள்றன்."

குலசிங்கம் மாஸ்ரர் தொண்டையைச் செருமி, இது ஆழமாக யோசிக்கவேண்டிய விசயம் என்றார்.

"மாஸ்ரர், இந்தச் சங்கம் படம் எடுக்கிறதுக்கு மட்டுமோ?" என்று இராசமலர் கேட்டாள். "அப்பிடியெண்டா படத்தில நடுக் கதிரையில மனேஜரை இருத்துங்கோ. நீங்கள் செம்போட பக்கத்தில நில்லுங்கோ."

சிலர் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு சும்மா போக முடியவில்லை. வருடாவருடம் கையொப்பம் வைக்கிற ஒப்பந்தத்தை எடுத்துவிட்டு நிரந்தர நியமனம் தரவேண்டும், விசாரணையில்லாமல் ஆளை நிறுத்தக்கூடாது, லாபிரைத் திரும்ப எடுக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மனேஜரோடு பேசக் குலசிங்கம் மாஸ்ரர் போவது என்று முடிவானது. கூட இன்னொருவர் போகவேண்டும் என்றபோது ஆண்கள் எல்லோருக்கும் அந்த நாளில் அவசர வேலை இருந்தது. இராசமலர் போனாள்.

பேச்சுவார்த்தை மனேஜரின் வீட்டு விறாந்தையில் நடந்தது. தேத்தண்ணியும் கேக்கும் வந்தன. குலசிங்கம் மாஸ்ரர் கதிரையின் நுனியில், கதிரைக்கு வலிக்கக்கூடாது என்பதுபோல உட்கார்ந்தார்.

"ஐயா, எங்களுக்கு ஐயாவோட ஒரு மனஸ்தாபமும் இல்லை. கொழும்புத் தலைமைச் சங்கம் எழுதுது. அதுதான் ஐயாவின்ர காதிலயும் ஒருக்காப் போட்டு வைப்பம் எண்டு..."

"எங்களுக்கு மனஸ்தாபம் இருக்கு," என்றாள் இராசமலர்.

பாக்கியரத்தினம் அவளைச் சிரிப்போடு பார்த்தார். "தங்கச்சி நேவிக் கிளாக்கரின்ர மகளெல்லோ? அவர் நல்ல பணிவான மனிசன்."

"ஓம். எங்கட வீட்டுப் பணிவு முழுக்க அவரே செலவழிச்சுப்போட்டார்."

மனேஜரின் சிரிப்பு கொஞ்சம் தேய்ந்தது. லாபிரின் கதை வந்ததும் முற்றாகவே போய்விட்டது. "என்ர வீட்டுக் கலியாணத்துக்கு வராமல் நிண்ட ஆளுக்கு நான் ஏன் வேலை குடுக்க வேணும்? பிள்ளை பெத்தது அவற்ற மனிசி. இவருக்கு அங்க என்ன வேலை?"

"கலியாணம் முடிச்சது உங்கட மகள். எங்களுக்கு இங்க என்ன வேலை?"

குலசிங்கம் மாஸ்ரருக்குக் கேக் தொண்டையில் அடைத்துவிட்டது. தண்ணீர் கொண்டுவரச் சொல்லி மனேஜர் உள்ளே குரல் கொடுத்தார். அந்தக் குழப்பத்தோடு அன்றைய பேச்சு முடிந்தது. வெளியே வந்த குலசிங்கம் மாஸ்ரர், "ரீச்சர், பேச்சுவார்த்தை எண்டா ஒரு நாகரிகம் இருக்கு," என்றார். அவருடைய மீசையில் கேக் தூள் ஒட்டியிருந்தது. இராசமலர் அதைச் சொல்லாமலே வீட்டுக்குப் போனாள்.

தையில் பள்ளிக்கூடம் தொடங்கியபோது ஆசிரியர்கள் உள்ளே போகவில்லை. வாசலுக்கு எதிரே ஒரு வாகை மரத்தடியில் உட்கார்ந்தார்கள். குலசிங்கம் மாஸ்ரர் காலையிலும் மாலையிலும் பேசினார். பாக்கியரத்தினத்தைப் பழைய ரோமாபுரிக் கொடுங்கோலர் எல்லோரோடும் ஒப்பிட்டார். அந்த நேரத்தில் மனேஜரின் கார் தெருவில் வந்துவிட்டால், உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் தன்னையறியாமல் எழுந்து நின்றார்கள். மாஸ்ரருடைய கை தோளிலிருந்த சால்வைக்குப் போய், பாதியில் தடுமாறி, முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கும். இராசமலர் மட்டும் காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துறைமுகத்துக் கப்பல்களைப் பார்த்தபடி இருப்பாள். இவர்களோடு ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருப்பதே தனக்குத் தண்டனை என்று நினைத்தாள். லாபிர் தினமும் வந்து, கடைசி ஆளாக ஓரத்தில் உட்கார்ந்து, எல்லோருக்கும் தன்னால்தான் கஷ்டம் என்று முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அவரையும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பிறகு குலசிங்கம் மாஸ்ரரின் மாலைப் பேச்சுகள் குறைந்தன. தனியாகப் பேச்சுவார்த்தைக்குப் போகிறார் என்றார்கள். ஒருநாள் ஒப்பந்தத்தோடு வந்தார்.

"வெற்றி!" என்றார். "எல்லாருக்கும் நிரந்தர நியமனம். மனேஜரே கையொப்பம் வைச்சிட்டார்."

கைதட்டல் எழுந்தது. இராசமலர் தாளை வாங்கிப் படித்தாள். "தற்போது சேவையில் உள்ள ஆசிரியர் அனைவருக்கும்" என்று எழுதியிருந்தது. லாபிரின் சேவை மார்கழியோடு முடிந்துபோனது. அதற்குக் கீழே, பெண் ஆசிரியர்கள் திருமணம் செய்தால் அவர்களுடைய நியமனத்தை மனேஜர் மறுபடி பரிசீலிப்பார் என்று ஒரு வாசகம். அவள் இரண்டையும் உரத்து வாசித்துக் காட்டினாள்.

"ஒரு ஆளுக்காக முழுப்பேரையும் பலி குடுக்க ஏலாது, ரீச்சர்," என்றார் குலசிங்கம் மாஸ்ரர்.

"ஒரு ஆளுக்காகத்தானே மாஸ்ரர் மரத்தடிக்கு வந்தனாங்கள்?"

லாபிர் எழுந்தார். "பரவாயில்ல. எனக்காக நீங்கள் சண்டை பிடிக்க வேணாம்."

"உங்களுக்கு ஆர் சண்டை பிடிச்சது? இருங்கோ அதில!" என்று அவள் அவர்மீதும் பாய்ந்தாள். "உங்களை எடுத்தெறிஞ்ச மாதிரி நாளைக்கு இவையை எறிவாங்கள். அப்ப இவையும் பரவாயில்லை எண்டு சொல்லுவினம். பரவாயில்லை, பரவாயில்லை எண்டே செத்துப்போங்கோ எல்லாரும்."

பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். கலியாணமாகாதவர்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். அந்த வாசகம் அவர்களுடைய கழுத்துக்கு நேரே எழுதப்பட்டது. ஒருவரும் அவளுடைய கண்ணைப் பார்க்கவில்லை. புஷ்பவதி பேனாவை வாங்கிக் கையொப்பம் வைத்துவிட்டு, பின்னாலிருந்தவளிடம் கொடுத்தாள்.

இராசமலர் வைக்கவில்லை. கையொப்பம் வைக்காதவர் சேவையில் இல்லை என்று மனேஜர் அறிவித்தார். அடுத்த திங்கட்கிழமை குலசிங்கம் மாஸ்ரர் உப தலைமை ஆசிரியராக நியமிக்கப்பட்டார் என்ற செய்தியைத் தெருவில் யாரோ சொன்னபோது அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை. இவ்வளவு மலிவாகவா போனார் என்றுதான் தோன்றியது. தலைமை ஆசிரியர் பதவியைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்கள். பேரம் பேசக்கூடத் தெரியாத மனிதரைத் தங்களுக்காகப் பேரம் பேச அனுப்பியிருந்தார்கள்.

அவளும் லாபிரும் கல்வித் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதினார்கள். விசாரிக்க, பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற வித்தியாதரிசி ஒருவர் வரப்போவதாகப் பதில் வந்தது. ஆசிரியர்களைக் கலியாண வேலைக்குக் கூப்பிட்டார்கள், வராததற்காக ஒருவரை நிறுத்தினார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும். ஆண்களிடம் போவதில் பயன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பெண்களிடம் ஒவ்வொருவராகப் போனாள். ஒருத்தி காய்ச்சல் என்றாள். ஒருத்தி கதவே திறக்கவில்லை. கடைசியில் சல்லிக்குப் போனாள்.

புஷ்பவதி வீட்டுக்கு முன்னால் மணலில் பரப்பியிருந்த கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. இராசமலர் வெயிலில் நின்றபடி வந்த காரியத்தைச் சொன்னாள்.

"நீங்கள் சொல்லுறது முழுக்கச் சரி, ரீச்சர்," என்றாள் புஷ்பவதி, நிமிராமல். "எனக்குச் சித்திரையில கலியாணம். அந்தக் கடதாசியில இருந்தது எனக்கும் விளங்கினதுதான்."

"விளங்கியும் வைச்சனீர்?"

"உங்களுக்குப் பக்கத்தில நிக்க விருப்பமில்லாமல்தான் வைச்சனான்."

இராசமலருக்கு அது சட்டென்று விளங்கவில்லை. புஷ்பவதி எழுந்து கையை மணலில் துடைத்தாள்.

"அண்டைக்குக் கலியாண வீட்டில, கழுத்தை நீட்டிக்கொண்டு இரும் எண்டு சொன்னீங்கள். எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க. நான் வீட்டை வந்து அழுதனான். மனேஜர் என்னை ஒருநாளும் அழ வைக்கேல்லை. நீங்கள்தான் வைச்சனீங்கள். இப்ப வந்து அவருக்கு எதிராச் சொல்லச் சொல்லுறீங்கள்."

கடற்கரையில் வள்ளம் ஒன்றை ஆட்கள் சத்தம் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். இராசமலருடைய வாயில் பதில்கள் நாலைந்து தயாராக நின்றன. எல்லாமே கூரானவை. அவற்றில் எதைச் சொன்னாலும் இவள் வரமாட்டாள் என்பதும் தெரிந்தது. அதைவிட, தான் இந்தப் பெண்ணைப் பற்றி இவ்வளவு காலமும் ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை என்பது தெரிந்தது. மனேஜரும் யோசித்ததில்லை.

"பிழைதான்," என்றாள். அந்த ஒரு சொல் மீன் முள் மாதிரித் தொண்டையைக் கீறிக்கொண்டு வந்தது. "நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

புஷ்பவதி சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள். "நான் யோசிக்கிறன்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கருவாட்டுக்குத் திரும்பினாள்.

விசாரணை தலைமை ஆசிரியரின் அறையில் நடந்தது. வித்தியாதரிசி வயதான மனிதர், அதிகம் பேசாதவர். பாக்கியரத்தினம் காலுக்குமேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் குலசிங்கம் மாஸ்ரர் சாட்சி சொன்னார். ஆசிரியர்கள் கலியாணத்துக்கு அன்பின் மிகுதியால் போனார்கள் என்றார். விருந்தினர் கைக்குத் தண்ணீர் வார்ப்பது தமிழருடைய பழம்பெரும் பண்பு என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தார். வித்தியாதரிசி அதை எழுதவில்லை.

அப்போது புஷ்பவதி வந்தாள். இராசமலரின் பக்கம் திரும்பாமல் நேரே மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"எங்களை வரச்சொல்லித்தான் போனனாங்கள். வகுப்பு வகுப்பா வந்து சொன்னது. வராட்டி மார்கழியில தெரியும் எண்டும் சொன்னது."

"ஆர் சொன்னது?" என்று வித்தியாதரிசி கேட்டார். "மனேஜரோ?"

"இல்லை. இவர்," என்று குலசிங்கம் மாஸ்ரரைக் காட்டினாள். "சங்கச் செயலாளர்."

மனேஜர் காலைக் கீழே இறக்கினார். இராசமலர் குலசிங்கம் மாஸ்ரருடைய முகத்தைப் பார்த்தாள். அவரை முழுக்க அளந்துவிட்டதாக அவள் நினைத்திருந்தாள். அளந்ததற்குக் கீழேயும் அந்த மனிதருக்கு ஆழம் இருந்தது. ஆட்களை மிரட்டியவரே அந்த மிரட்டலை எதிர்த்துக் கூட்டம் போட்டு, ரோமாபுரியையும் இழுத்திருக்கிறார்.

வெளியே வந்தபோது இராசமலர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "உங்களுக்காக வரேல்லை," என்றாள் புஷ்பவதி. "எனக்காகவும் அந்த லாபிர் மாஸ்ரருக்காகவும்தான்."

இராசமலர், லாபிர் இரண்டு பேரையும் திரும்ப எடுக்காவிட்டால், பெண்களைப் பற்றிய வாசகத்தை நீக்காவிட்டால், பள்ளிக்கூடத்துக்கு உதவிப்பணம் நிறுத்தப்படும் என்று திணைக்களம் எழுதியது. பாக்கியரத்தினம் இரண்டையும் செய்தார். அரசாங்கம் சொன்னால் அவருடைய முதுகும் நன்றாகவே வளைந்தது. இராசமலரைத் தன் கண்ணில் படாமல் கிளிவெட்டிப் பக்கத்தில் சபைக்கு இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார். அவள் போனாள். வயலுக்கு நடுவே ஓலைக் கொட்டகை; மழைக்காலத்தில் பிள்ளைகளைவிடத் தவளைகள் ஒழுங்காக வந்தன. அங்கே யாரும் கார் வந்தால் எழுந்து நிற்கவில்லை, கார் வராதபடியால். சில வருடங்கள் அவள் நிம்மதியாக இருந்தாள்.

பிறகு அரசாங்கம் இந்தப் பள்ளிக்கூடங்களைக் கையேற்றது. மனேஜர்களின் காலம் முடிந்தது. அதைக் கொண்டாடப் பட்டினத்தில் போட்ட கூட்டத்தில் குலசிங்கம் மாஸ்ரர் மாலையோடு மேடையில் நின்று, தனியார் கொடுமையை முதன்முதலில் எதிர்த்த மண் திருகோணமலை மண், எதிர்த்த நெஞ்சு இந்த நெஞ்சு என்று மார்பில் தட்டினார். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் பலத்துச் சிரித்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இராசமலர் வாயைக்கூட மூடிக்கொள்ளவில்லை.

மாஸ்ரர் இடமாற்றத்தில் போனபோது சங்கக் கிளைக்குச் செயலாளர் வேண்டியிருந்தது. அதிகாரிகளுக்குப் பயப்படாத ஆள் என்று அவளைத்தான் எல்லோரும் நினைத்தார்கள், கேட்கத்தான் பயந்தார்கள். கேட்க வந்தவள் புஷ்பவதி. அதற்குள் அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

"ஒரு நிபந்தனை," என்றாள். "கந்தோர்க்காரரோட நீங்கள் கதையுங்கோ. எங்கட ஆக்களோட நான் கதைக்கிறன்."

அந்த ஏற்பாடு நல்லதாகப் போய்விட்டது. கிண்ணியா, மூதூர், பட்டினம் என்று எந்த ஆசிரியருக்கு அநியாயமான இடமாற்றம் வந்தாலும் இரண்டு பெண்களும் கல்விக் கந்தோரில் போய் நிற்பார்கள். இராசமலர் அதிகாரியை ஒரு பார்வை பார்ப்பாள். கிண்ணியாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அதிபராகிவிட்ட லாபிர் அந்தப் பார்வையை, "ரீச்சர் நம்மளப் புழுவாப் பாத்தாலும் நம்ம பக்கத்துல நிண்டு பாக்கிறா," என்று புகழ்வார். இரண்டு பெண்களும் சிநேகிதிகள் ஆனார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் வீட்டில் மற்றவர் சோறு சாப்பிட்டதில்லை.

இராசமலர் ஓய்வுபெற்றது எண்பத்தொன்றில். வேலைநிறுத்தம் செய்த அரசாங்க ஊழியர்களை ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பி ஒரு வருடம் ஆகியிருந்தது. சங்கம் என்ற சொல்லையே ஆட்கள் மெதுவாகச் சொன்ன காலம். பிரியாவிடைக்குக் கொஞ்சப் பேர்தான் வந்தார்கள். தலைமை தாங்க, ஓய்வுபெற்றுப் பட்டினத்துக்குத் திரும்பியிருந்த குலசிங்கம் மாஸ்ரரை யாரோ அழைத்திருந்தார்கள். அவர் தள்ளாடியபடி எழுந்து, ஐம்பத்தைந்தாம் ஆண்டில் தானும் தங்கை இராசமலரும் தோளோடு தோள் நின்று போராடியதைக் கண்ணீரோடு நினைவுகூர்ந்தார்.

இராசமலர் பதிலுரைக்கு எழுந்தாள். "குலசிங்கம் மாஸ்ரர் என்னோட நிண்டவர் எண்டு சொன்னார். நிண்டவர்தான். மேசைக்கு மற்றப் பக்கத்தில."

சபை சிரித்தது. எல்லோரிலும் உரத்துச் சிரித்தவர் குலசிங்கம் மாஸ்ரர்தான். கைதட்டினார். கூட்டம் முடிந்து அவளுடைய கையைப் பிடித்து, "அந்த நாக்கு இன்னும் அப்பிடியே இருக்கு," என்று பக்கத்திலிருந்தவர்களுக்குப் பெருமையாகக் காட்டினார்.

பஸ் நிலையத்துக்குப் புஷ்பவதியும் அவளோடு நடந்தாள். பாதி வழியில் இராசமலர், "வெக்கப்படத் தெரியாத மனிசனை என்ன செய்யிறது, புஷ்பவதி?" என்றாள். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"ஒண்டும் செய்ய ஏலாது. விடுங்கோ." புஷ்பவதி குடையை மற்றக் கைக்கு மாற்றினாள். "வாற கிழமை மூதூரில ஒரு ரீச்சரின்ர இடமாற்றக் கதை. வாறீங்களோ?"

"நான் இப்ப பென்சன்காரி."

"வாறீங்களோ எண்டுதான் கேட்டனான்."

"வாறன். வாய் திறக்க மாட்டன்."

புஷ்பவதி அதை நம்பவில்லை. ஆனால் ஒன்றும் சொல்லாமல், வந்துநின்ற பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் ஓர் இடம் பிடித்து வைத்தாள்.